ஆத்துல எடுத்தது

மேற்கு மாம்பலத்தில் ரயிலடியை ஒட்டிய ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது ஜோதிலட்சுமியின் துப்பறியும் அலுவலகம். படிக்கட்டு மகா குறுகல். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் நடுவழியில் சந்தித்துக்கொண்டால் ஒருவர் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். ஐப்பசி மழை பிய்த்து உதறிக்கொண்டிருந்த அந்தக் காலையில் சான்ட்ரா அதில் ஏறி வந்தாள். எதிரே யாரும் வரவில்லை.

முப்பத்தெட்டு வயது. பெசன்ட் நகரில் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குப் பின் தெருவில் தனியாகக் குடியிருக்கிறாள். அம்மா காலமான பிறகு வீட்டில் அவளோடு குரல் கொடுப்பது ஃபிரிட்ஜ் ஒன்றுதான். அதுவும் கதவைச் சரியாக மூடாவிட்டால் மட்டும். அடையாற்றில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி என்று பெயர். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்தப் பெயராவது மிஞ்சுமா என்பது சந்தேகம். அதற்காகத்தான் வந்திருந்தாள்.

“உக்காருங்க. முதல்ல தலையைத் துவட்டிக்குங்க,” என்றார் ஜோதிலட்சுமி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய்க் க்ளெய்ம்களைத் துருவித் துருவியே பாதி ஆயுளைக் கழித்தவர். அவசரம் என்பது அவர் உடம்பிலேயே கிடையாது.

அவருக்கும் சேர்த்து அவசரப்படத்தான் உதவியாளன் ஷாஹுல் ஹமீது இருந்தான். நாற்பதைத் தாண்டியும் துள்ளல் அடங்காத ஆசாமி. டீக் கிளாஸை வைக்கும்போதே ஆரம்பித்துவிட்டான். “கேஸ் இன்னா மேடம்? திருட்டா, கொலையா?”

“மண்ணுங்க,” என்றாள் சான்ட்ரா.

“மண்ணா?” ஹமீதின் முகம் தொங்கிப்போயிற்று.

“சேறுன்னும் சொல்லலாம். எங்க லேப்ல அடையாத்துச் சேறு, சாக்கடைச் சேறு எல்லாம் கொண்டுவந்து, அதுல இருக்கற நுண்ணுயிர்களோட டி.என்.ஏ.வைப் படிக்கறோம். அதுங்களைத் தனித்தனியா வளர்த்துப் பார்க்க முடியாது, முக்கால்வாசி வளரவே வளராது. அதனால சேத்துல இருக்கற மொத்த டி.என்.ஏ.வையும் ஒண்ணா உருவி மெஷின்ல படிச்சிடுவோம். நூறு புஸ்தகத்தைக் கிழிச்சுக் கலந்து கொட்டின மாதிரி துண்டு துண்டா வரும். கம்ப்யூட்டர் ஒட்டவைக்கும். அதுல உபயோகமான என்சைம் எதையாவது செய்யற மரபணு இருக்கான்னு தேடுவோம்.”

“கிடைச்சுதா?” என்றார் ஜோதிலட்சுமி.

“கிடைச்சுது. அதுதான் வினையாப் போச்சு.”

நொதி என்று பாடப் புத்தகத்தில் சொல்லும் அந்தச் சரக்கு, எண்ணெய்ப் பிசுக்கை வெட்டித் தள்ளுகிற வகை. இந்த வகை நொதிகள் பெரும்பாலும் சோப்பு நுரை பட்டதும் படுத்துவிடும். இது படுக்கவில்லை. பச்சைத் தண்ணீரில், நுரைக்கு நடுவில், ஜம்மென்று வேலை செய்தது. சலவைத்தூள் கம்பெனிகள் இப்படி ஒன்றுக்காகத் தவம் கிடக்கின்றன. மரபணுவைப் படித்ததை வைத்து லேபிலேயே நொதியைச் செய்து பார்த்தும் ஆயிற்று. எண்ணெய்த் துணி வெளுத்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

“அப்புறம் அந்த மரபணு எங்கேருந்து வந்ததுன்னு மறுபடி காட்டச் சொன்னாங்க. சட்டப்படி எடுத்த இடத்தைச் சொல்லணும். பழைய சேறு படிக்கறப்பவே தீர்ந்துபோச்சு. கூட வேலை பாக்கற செம்பியன் அடையாத்துல போகாத இடமில்லை, எடுக்காத சேறில்லை. ஒண்ணுலயும் அந்த மரபணு இல்லை. நான் வேற எங்கேயோ திருடிட்டு ஆத்து மேல பழி போடறேன்னு இயக்குநர் பொன்ராஜ் சார் நினைக்கறார். வெள்ளிக்கிழமை விசாரணை. நானே திருடினேன்னு எழுதிக் கொடுத்தா மரியாதையா அனுப்பிடுவாங்களாம்.” சான்ட்ரா டீக் கிளாஸைத் தள்ளி வைத்தாள். “திருடின்னு பேர் வாங்கிட்டு நான் எங்கங்க போறது? எனக்கு இருக்கறது அந்த வேலை ஒண்ணுதான்.”

“சேத்தை எடுத்தது யாரு?”

“எங்க வைத்தமாநிதி சார். என்னை வேலைக்கு எடுத்தவர். ஆறு வருஷம் அவர்கிட்டதான் இருந்தேன். முடிவு வர்றதுக்கு முன்னாடியே, தை பொறந்ததும் தவறிட்டார். இருந்திருந்தா ஒரே வார்த்தையில முடிஞ்சிருக்கும்.”

ஹமீது துள்ளி எழுந்தான். “அக்கா, க்ளியரா கீதுக்கா! இந்த செம்பியன்தான் குப்பியை மாத்திக்கினான். மேடம் சீட்டு மேல கண்ணு!”

“உக்காரு. குப்பைக்குப் பதிலாத் தங்கத்தை வெச்சிட்டுப் போற திருடனை நீ எங்கயாவது பாத்திருக்கியா?” என்ற ஜோதிலட்சுமி சான்ட்ரா பக்கம் திரும்பினார். “சார் எப்படிக் கொடுத்தார் உங்ககிட்ட?”

சான்ட்ரா இரண்டு பொருள்களை மேஜையில் வைத்தாள். ஒன்று காலிக் குப்பி. விரல் நீளம் கூட இல்லாத, ஹோமியோபதி மாத்திரை வருகிற கண்ணாடிக் குப்பி. அவள் கையெழுத்தில் ‘அடையாறு’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. இன்னொன்று அவள் கைபேசி. அதில் போன வருஷ மழைக்காலத்தில் வந்த குரல்பதிவு ஒன்றைத் தட்டினாள். வயதான, மெல்லிய குரல்.

“சான்ட்ரா, உன் மேஜை மேல சின்னக் குப்பி ஒண்ணு வெச்சிருக்கேன், பாரு. ஆத்துல எடுத்தது. அந்த எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்து ரொம்ப நாளா எனக்கு ஒரு சந்தேகம். நீ படிச்சுப் பாரு. என்னால இப்போ எங்கேயும் அலைய முடியலை, நாலு எட்டு வெச்சாலே மூச்சு வாங்கறது. மழை விட்டதும் ஒருநாள் ஆத்துக்கு வாயேன். நானே காட்டறேன்.”

“நீங்க என்ன பதில் போட்டீங்க?”

“‘தண்ணி வடியட்டும் சார், கட்டாயம் வரேன்’னு போட்டேன். அப்ப ஆறு கரை புரண்டு ஓடிட்டிருந்தது. அதுக்குள்ள சாரை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க.” சான்ட்ரா கைபேசியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இந்தப் பத்து மாதத்தில் அந்தப் பதிவை அவள் எத்தனை முறை கேட்டிருப்பாள் என்பது அவளுக்கும் மாதாவுக்கும்தான் தெரியும். சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் காதில் விழுந்த ஒரே மனிதக் குரல் அதுதான்.

ஜோதிலட்சுமி கொஞ்ச நேரம் குப்பியை உருட்டிக்கொண்டிருந்தார். “மெஷின் மொத்தத்தையும் படிக்கும்னு சொன்னீங்க. நுண்ணுயிர் தவிர செடி, கொடி, மீன் இதோட டி.என்.ஏ.வும் வருமா?”

“வரும். எங்களுக்கு அது வேண்டாத சமாச்சாரம். கம்ப்யூட்டரே ஒதுக்கித் தள்ளிடும்.”

“ஒதுக்கினது இருக்கா, அழிச்சாச்சா?”

“இருக்கு. யாரும் திறந்து பார்க்கறதில்லை.”

“இன்னிக்குத் திறந்து பாருங்க. சார் குப்பியில இருந்ததையும் பாருங்க, செம்பியன் அள்ளிட்டு வந்ததையும் பாருங்க. ஹமீது, நீ போய் அந்த செம்பியன் என்ன பண்றார்னு பாத்துட்டு வா. தூர நின்னு பாரு, போதும்.”

அன்று சாயங்காலம் லேபில் எல்லோரும் மழைக்குப் பயந்து கிளம்பிவிட்டார்கள். ஒருத்தரும் அவளிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. விசாரணைக்கு ஆளானவளிடம் பேசினால் ஒட்டிக்கொண்டுவிடும் என்று பயமோ என்னவோ. சான்ட்ரா ஒதுக்கித் தள்ளிய குப்பையைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் மாம்பலத்து மாடியில் அவள் வாய் திறப்பதற்குள் ஹமீது முந்திக்கொண்டான்.

“அக்கா, அந்தாளு திருடன் இல்லக்கா. ஒடஞ்ச பாலத்தாண்ட தனியா நின்னுக்கினு சேத்தை வாரிக்கினு கீறாரு. மழை கொட்டுது, குடை கூட இல்ல. நான் சும்மா மீன் பிடிக்கிறவன் மாதிரி போய், ‘இன்னா சார் தேடுறீங்க’ன்னேன். ‘எங்க சார் பொய் சொல்ல மாட்டாரு, இங்கதான் எங்கயோ கீது’ன்னு சொல்லிட்டு அழுவுறாரு. எனக்கே பேஜாரா பூட்ச்சு.”

செம்பியன் சான்ட்ராவோடு ஒரே அறையில் ஆறு வருஷம் உட்கார்ந்தவன். அவன்தான் தனக்குக் குழி பறிக்கிறான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் சாருக்காகத் தனியாகச் சேற்றில் நின்று அழுகிறான் என்பது தெரியவே இல்லை. வெட்கமாக இருந்தது.

“நீங்க சொல்லுங்க,” என்றார் ஜோதிலட்சுமி.

“செம்பியன் எடுத்த சேறு எல்லாத்துலயும் மீன், அலையாத்தி மரம், ஆகாயத்தாமரை, கொசு, எருமை எல்லாம் இருக்கு. சார் குப்பியில இதுல ஒண்ணு கூட இல்லை.”

“வேற என்ன இருக்கு?”

“எள்ளு. ஏகப்பட்ட எள்ளு. அப்புறம் சீயக்காய். கொஞ்சம் வெந்தயம், கொஞ்சம் பச்சைப்பயறு.”

“யாராவது ஆத்தங்கரையில எண்ணெய் தேச்சுக் குளிச்சிருப்பாங்களோ?” ஜோதிலட்சுமி குரலில் சிரிப்பு இருந்தது.

“போங்கக்கா! அந்தத் தண்ணில எவன் சீயக்கா தேச்சுக் குளிப்பான்? கைய வெச்சா கையே நாறும்!” என்றான் ஹமீது.

“சரிதான். இன்னொரு தரம் சார் குரலைப் போடுங்க.”

ஒரு தரம் இல்லை, மூன்று தரம் கேட்டார். மூன்றாம் தரம் கண்ணை மூடிக்கொண்டார். திறந்ததும் கேட்ட கேள்வி வேறு எங்கேயோ போயிற்று. “சார் வீடு எங்கே?”

“மயிலாப்பூர்ல... சித்திரக்குளத்துப் பக்கம்னு நினைக்கறேன்.”

“நீங்க போனதில்லையா?”

“இல்லை.” சொல்லும்போதே சான்ட்ராவுக்கு உறைத்தது. ஆறு வருஷம். “அவர் கூப்பிட்டதில்லை. மனைவி தவறினப்புறம் தனியாத்தான் இருந்தார். நானும் கேட்டுக்கலை. கடைசியில கூட ஆஸ்பத்திரியிலேருந்து நேரா மயானத்துக்குத்தான் கொண்டுபோனாங்க.”

“இந்தச் சீட்டுல ‘அடையாறு’ன்னு எழுதினது நீங்கதானே? சார் அந்தப் பேரைச் சொல்லலையே?”

“ஆத்துலன்னாரே. எங்களுக்கு ஆறுன்னா அடையாறுதான்.”

“ம். வெள்ளிக்கிழமை விசாரணையை உங்க லேப்ல வேணாம், சார் வீட்டுல வெச்சுக்கலாம்னு உங்க இயக்குநருக்கு நானே ஃபோன் போடறேன். செம்பியனையும் வரச் சொல்லுங்க. சேறு அள்ளற சாமானோட.”

வெள்ளிக்கிழமை காலையில் சித்திரக்குளத்துக்கு அருகே ஒரு பழைய வீட்டு வாசலில் ஐந்து பேர் குடையோடு நின்றார்கள். பொன்ராஜ் கடுகடுவென்று இருந்தார். செம்பியன் தலை குனிந்திருந்தான். அவனிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் சான்ட்ரா தள்ளி நின்றாள். வீட்டுக்காரர் கோமளா மாமி சாவிக்கொத்தோடு வந்தார்.

“வாங்கோ, வாங்கோ. பார்த்து, வழுக்கும். பின்கட்டுதான் அவர் போர்ஷன். மழை பெஞ்சா முற்றமெல்லாம் கணுக்கால் ஜலம் நின்னுடும். மருமான் பெங்களூர்லேர்ந்து வந்து எல்லாத்தையும் எடுத்துக்கறேன்னான், இன்னும் வந்தபாடில்லை. சார் ஆத்துல ஒரு துரும்பைக் கூட நாங்க தொடலை.”

சான்ட்ராவின் கால் அப்படியே நின்றுவிட்டது.

“என்ன சொன்னீங்க மாமி?”

“தொடலைன்னேன்மா.”

“அதுக்கு முன்னாடி?”

“சார் ஆத்துலன்னேன்.” மாமிக்கு ஒன்றும் புரியவில்லை. “ஏன், என்ன தப்பா சொல்லிட்டேன்?”

“தப்பே இல்லைங்க,” என்றார் ஜோதிலட்சுமி. “நீங்க சொன்னதைத்தான் அவரும் சொல்லியிருக்கார். உள்ள போய்ப் பேசலாம்.”

பின்கட்டில் ஒரே அறை, ஒரு சமையல் மூலை, முற்றத்தின் ஓரத்தில் ஓடு வேய்ந்த குளியலறை. ஜோதிலட்சுமி நேராகக் குளியலறை வாசலில் போய் நின்றார். தரையில் கருங்கல். கல்லின் ஓரத்தில் சாக்கடை வாய், அதைச் சுற்றி வருஷக்கணக்கில் ஏறிய கறுத்த பிசுக்கு. மாடத்தில் நல்லெண்ணெய்க் கிண்ணமும் சீயக்காய்த்தூள் டப்பாவும் இருந்தன.

“விசாரணை பண்ண வரச் சொல்லிட்டு பாத்ரூமைக் காட்டறீங்களே!” என்றார் பொன்ராஜ்.

“இதுதான் சார் நீங்க கேட்ட இடம். பொறுமையாக் கேளுங்க. இன்சூரன்ஸ்ல எனக்கு ஒரு பழக்கம். சாட்சி சொன்னது வேற, நாம எழுதிக்கிட்டது வேற. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்ப்பேன். அடையாறுன்னு எழுதினது சான்ட்ரா. சார் சொன்னது ‘ஆத்துல’. நாலு எட்டு வெச்சா மூச்சு வாங்குதுன்னு அதே வாயாலதான் சொல்றார். அப்படிப்பட்டவர் வெள்ளம் ஓடற ஆத்துல இறங்கிச் சேறு எடுப்பாரா? ஆத்துக்குப் போறவங்க உங்க லேப் குழாயை எடுத்துட்டுப் போவாங்க. இவர் கைக்குக் கிடைச்சது காலி மாத்திரைக் குப்பி. அது வீட்டுல இருக்கற பொருள்.”

“இத்தனையும் ஊகம்தானே?”

“மிச்சத்தை அந்தக் குப்பியே சொல்லுது. மீன் இல்லை, கொசு இல்லை. எள்ளும் சீயக்காயும் இருக்கு. மாமி, சார் எண்ணெய் தேச்சுக் குளிப்பாரா?”

“நன்னாக் கேட்டேள்! சனிக்கிழமை தவறமாட்டார். நாப்பது வருஷமா இதே கல்லுல உக்காந்துண்டுதான். அவர் குளிச்ச பிசுக்குல ஒருதரம் நானே வழுக்கி விழப் பார்த்தேன்.”

செம்பியன் மெல்லத் தலையை நிமிர்த்தினான். “நல்லெண்ணெய்... அது மேல சீயக்காய் நுரை... பச்சைத் தண்ணி. வாரா வாரம். இந்தப் பொந்துல உயிர் வாழணும்னா நுரைக்கு நடுவுல எண்ணெயைத் தின்னக் கத்துக்கிட்டே ஆகணும்.” அவன் சான்ட்ராவைப் பார்த்தான். “சான்ட்ரா, அதேதான். அந்த என்சைம் செய்யற வேலையேதான்!”

“மயிலாப்பூர்ல பொறந்து வளர்ந்தவர்,” என்றார் ஜோதிலட்சுமி. “இவங்க ஆத்துலன்னு சொன்னா வீட்டுலன்னு அர்த்தம். ஊருக்கே தெரிஞ்சதுதான், சினிமா பாத்தாலே தெரியும். ஆனா காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஆத்துச் சேத்துலயே புழங்கறவங்க காதுக்கு அது ஆறுன்னுதான் கேட்கும். யார் மேலயும் தப்பில்லை. யாரும் எதையும் திருடலை.”

ஹமீது தலையில் கை வைத்துக்கொண்டான். “அட, இத்தினி நாளா ஆத்துல தேடிக்கினு இருந்தீங்க. கரீக்டா ஆத்துலதான் கீது!”

பொன்ராஜுக்கே சிரிப்பு வந்துவிட்டது. செம்பியன் கையுறை மாட்டிக்கொண்டு மண்டியிட்டு, கல்லுக்கு அடியிலிருந்து பிசுக்கைச் சுரண்டி எடுக்க ஆரம்பித்தான். சான்ட்ரா குழாயைப் பிடித்துக்கொண்டாள். “உன்னைத் தப்பா நினைச்சிட்டேன் செம்பியா,” என்றாள். “குழாயை நேராப் பிடி,” என்றான் அவன். அவர்களுக்குள் அது போதுமாக இருந்தது.

அவள் சிரிக்கவில்லை. ஜோதிலட்சுமி அதைக் கவனித்து, அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஒண்ணு மட்டும் புரியலைங்க,” என்றாள் சான்ட்ரா. “லேப்ல சார் இப்படிப் பேசினதே இல்லை. வீடுன்னுதான் சொல்வார். எங்ககூட எங்களை மாதிரிதான் பேசுவார். எங்கிட்ட மட்டும் அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னார்?”

“தன் மனுஷங்ககிட்ட பேசற மாதிரி பேசியிருக்கார். வேணும்னு செஞ்சிருக்க மாட்டார். வாயில வந்திருக்கு.”

சான்ட்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு அறையை எட்டிப் பார்த்தாள். சுவர் முழுக்கப் புத்தகம். ஜன்னலோரத்தில் கை தேய்ந்த சாய்வு நாற்காலி ஒன்று. அதற்கு எதிரே பிரம்பு நாற்காலி ஒன்று, புத்தம் புதிது. கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல், அதன் மேல் தூசு படிந்து கிடந்தது.

மாமி பின்னால் வந்து நின்றார். “அதுவா? போன வருஷம் மழையில வாங்கினார். ‘லேப்லேர்ந்து ஒருத்தி ஆத்துக்கு வரேன்னிருக்கா மாமி, வந்தா உக்காரச் சொல்ல ஒரு நாற்காலி இல்லையே’ன்னார். முற்றத்துல ஜலம் நின்னுண்டிருந்தது. ‘தண்ணி வடியட்டும், வரேன்னு சொல்லிட்டா’ன்னு தினம் வந்து முற்றத்தை எட்டிப் பார்ப்பார். ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்குக் கூடப் பார்த்தார். யாரும் வரலை, பாவம்.”

ஜோதிலட்சுமி மாமியின் கையை மெதுவாகப் பிடித்து முன்கட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. சாக்கடை வாய்ப் பிசுக்கில் அந்த மரபணு இருந்தது, ஓர் எழுத்து பிசகாமல். பொன்ராஜ் தன் அறைக்குக் கூப்பிட்டு எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார். செம்பியன் அடையாறு ஆனந்தமாக ஓடட்டும் என்று பூட்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். எடுத்த இடம் என்ற கட்டத்தில் சான்ட்ரா சித்திரக்குளத்து முகவரியை எழுதினாள். அவள் பெயர் தப்பித்தது. அதற்காகத்தானே மாம்பலத்து மாடி ஏறினாள்? சந்தோஷமாகத்தான் இருந்தது. சொல்லிக்கொள்ளத்தான் ஆள் வேண்டியிருந்தது.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு சனிக்கிழமை, யாரையும் கூட்டிக்கொள்ளாமல் சித்திரக்குளத்துக்குப் போனாள். மாமி சாவியைக் கொடுத்துவிட்டு, காபி கலக்கிறேன் என்று உள்ளே போனார். முற்றம் காய்ந்து கிடந்தது.

அறைக்குள் போய்ப் புது நாற்காலியின் தூசைத் தட்டினாள். பிளாஸ்டிக் உறையை மெதுவாகப் பிரித்து மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எதிரே சாய்வு நாற்காலி காலியாக இருந்தது.

“தண்ணி வடிஞ்சிடுச்சு சார்,” என்றாள்.